சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம்

போய்ப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம், நாற்காலியை விட்டு எழுந்து, சாத்தியிருக்கிற கதவைத் திறந்து, கட்டிலில் கிடக்கிற பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்க்கக் கூடாது, பிள்ளை தானாக விழிக்கும்வரை. இது ஒன்றும் பெரிய காரியமில்லை, உலகத்துத் தாய்மார் எல்லாரும் தினம் செய்கிற காரியம், செய்கிறோம் என்றே தெரியாமல் செய்கிற காரியம் என்று ஜெசிந்தா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லி முடிக்கும் முன்பே பாதம் மேஜைக்கு அடியில் செருப்பைத் தேடியது. காலையில் ஆன்றோ பைக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று சொன்னான், சண்டையாக இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை, அவள் புருஷன் குரலில் சண்டையே இல்லை. "இன்னிக்கு மத்தியானம் மிரி உறங்குற நேரம் நீ உள்ள போகாம இரு ஜெசி. அம்மா பக்கத்துல இருப்பாங்க. ஒரே ஒரு உறக்கம். உன்னால முடிஞ்சா அம்மா மட்டும் சாயங்கால வண்டிக்கு ஊருக்குப் போவாங்க. முடியலைன்னா பிள்ளையும் போகட்டும். நீ டாக்டரப் பாரு, மருந்து சாப்பிடு, நாலு ராத்திரி உறங்கி எந்திரி. கொஞ்ச நாள்தானே." கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். நாகர்கோவில் வண்டியில் மாமிக்கு, ஆன்றோவின் அம்மாவுக்கு, சீட்டு எடுத்தாயிற்று. பிள்ளைக்குச் சீட்டு வேண்டாம், கைக்குழந்தைக்கு ரயிலில் இடமே கேட்க மாட்டார்கள், ஒரு மடி போதும். இதுதான் காலையிலிருந்து அவளை அரிக்கிறது. ஏதாவது ஒரு தடங்கல் இருக்க வேண்டாமா, ஒரு வரிசை, ஒரு கையெழுத்து, ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ஒருவர் தலையை நீட்டிப் பெயர் என்ன வயது என்ன என்று கேட்க வேண்டாமா. ஒன்றும் இல்லை. தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

மடிக்கணினியில் வரிகள் அப்படியே நின்றன. வேலையைப் பார், ஜெசிந்தா. கம்பெனி சொந்தமாக ஒரு கெர்னல் வைத்திருக்கிறது, இயந்திரத்தை எழுப்பிவிட்டு மற்ற நிரல்களுக்கெல்லாம் அடியில் கிடந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற நிரல். மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற என்று ஏன் நினைத்தாள், அது மூச்சு விடுவதில்லை, ஓடுகிறது, ஓடுகிறது என்று நினை. உள்ளே நுழைகிற திருடனுக்கு எந்த ஃபங்ஷன், எந்தக் குட்டி நிரல், எந்த இடத்தில் இருக்கிறது என்று மனப்பாடமாகத் தெரிந்திருக்கும், ஆகவே இயந்திரம் விழிக்கும் ஒவ்வொரு தடவையும் ஃபங்ஷன்களைச் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்துப் போடுவதென்று முடிவெடுத்திருந்தார்கள். கலைக்க வேண்டுமானால் ஒவ்வொன்றும் தனித்தனி செக்‌ஷனில், தனித்தனி அறையில் இருக்க வேண்டும். சி மொழியில் எழுதியவற்றைக் கம்பைலரே அப்படிப் பிரித்து வைத்துவிடும். முன்னாட்களில் யார் யாரோ இயந்திரத்துக்கு நேராகப் புரிகிற அசெம்பிளியில் கையால் எழுதி வைத்துவிட்டுப் போனவை மட்டும் கல்யாண மண்டபத்து ஜமுக்காளத்தில் படுத்தவர்களைப் போல ஒரே செக்‌ஷனில் கையும் காலும் பின்னிக் கிடந்தன. அவற்றை ஒன்றொன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தலையிலும் அதனதன் செக்‌ஷன் பெயரை எழுதுவது ஜெசிந்தாவின் வேலை. பேறுகால லீவு முடிந்து அவள் திரும்பியதும் குருபரன் கொடுத்த வேலை. "உனக்குக் கொஞ்சம் லைட்டா இருக்கட்டும்னுதான்" என்றான், அவளுக்கு மேலே இருப்பவன், நல்லவன், அவனுக்கும் அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு தெரிந்துதான் இருக்கும். ஆரம்பத்தில் இதில் ஒரு சுகம்கூட இருந்தது. கான்வென்ட் விடுதியில் சேர்ந்த அன்று தட்டு, துண்டு, பாவாடை எல்லாவற்றிலும் அவரவர் எண்ணைச் சிவப்பு நூலால் தைக்கச் சொல்வார்கள், தைத்து முடித்த பிறகு ஒரு நிம்மதி வருமே, இனி எதுவும் கலந்து போகாது என்று, அந்தச் சுகம். நேற்று எல்லாவற்றையும் தைத்து முடித்துவிட்டாள். இன்று காலை முதல் கெர்னல் விழிக்க மறுக்கிறது.

விழிக்க மறுக்கிறது. இந்த வார்த்தை வேண்டாம். காதிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்தாள், அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தால் கேட்க வேண்டும். மின்விசிறி சுற்றுகிற சத்தம். அதற்குள் வேறு ஏதாவது இருக்கிறதா என்று காது போய்த் தடவியது. ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாமல் இருப்பது நல்லதா கெட்டதா? தூங்குகிற பிள்ளையும் சத்தம் போடாது. மிரி பிறந்து வீட்டுக்கு வந்த புதிதில் ஒருநாள் பால் புரையேறி உதடு நீலமாகிப் போனது. மாமிதான் பிள்ளையைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினாள், மறு நிமிடம் பிள்ளை அழுதது, எல்லாரும் சிரித்தார்கள், ஆன்றோ அழுதுகொண்டே சிரித்தான், ஜெசிந்தா மட்டும் சிரிக்கவில்லை, அவள் அந்த நீலத்திலேயே நின்றுவிட்டாள். அன்றைக்குப் பிள்ளை அவள் மடியில்தான் இருந்தது. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எதிர் மாடியில் ஒருத்தி துணி காயப்போட்டாள், அந்தத் துணியின் பச்சை நிறத்தைப் பற்றி ஏதோ நினைத்தாள், அவ்வளவுதான், ஒரு பச்சைத் துணி அளவுக்குக் கவனம் தவறியது. ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் போனிஃபாஸ் கண்களை மூடச் சொல்லிவிட்டுத் தாழ்ந்த குரலில் சொல்வார்: ஆண்டவர் நம்மை ஒரு கணம் நினைக்காமல் விட்டால் போதும், நாம் சாக மாட்டோம், அதைவிட மோசம், நாம் இருக்கவே மாட்டோம், விளக்கை அணைத்தால் வெளிச்சம் எங்கே போகிறது? அது ஆறுதலுக்குச் சொன்னதுதான். மற்ற பிள்ளைகள் ஆறுதல் அடைந்தார்கள். ஜெசிந்தா மட்டும் அன்று முழுக்க ஆண்டவருக்காகக் கவலைப்பட்டாள், எத்தனை பேரை நினைக்க வேண்டியிருக்கிறது, அவருக்கு ஒரு தும்மல் வந்தால் என்ன ஆகும் என்று. இப்போது அந்த வேலை அவளுக்கு வந்திருக்கிறது, ஒரே ஒரு பிள்ளை அளவுக்கு. நினைத்துக்கொண்டே இருக்க வேண்டும். விரலில் அந்தச் சின்னக் காற்று பட வேண்டும். பட்டதும் நிம்மதி, கையை எடுத்ததும், அது போன தடவைக்குரிய காற்று, இந்தத் தடவைக்கு? ராத்திரி எத்தனை முறை எழுகிறாள் என்று அவளுக்கே தெரியாது. ஆன்றோவுக்குத் தெரிந்திருந்தது.

சரி, இன்னொரு தடவை எழுப்பிப் பார்ப்போம். கணினிக்குள்ளேயே ஒரு பொய் இயந்திரத்தை உண்டாக்கி அதில் கெர்னலை ஓடவிடுவது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் கிடுகிடுவென்று ஏறும், நினைவகம் சரி, கடிகாரம் சரி, என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வரும், பிறகு நின்றுவிடும். இதோ நின்றுவிட்டது. கர்சர் மட்டும் துடிக்கிறது. காலையில் கடிகாரத்துக்குப் பிறகு நின்றது. அதற்கடுத்த தடவை நினைவகத்திலேயே நின்றது. இப்போது இன்னும் கொஞ்ச தூரம் ஓடி, வட்டு வரைக்கும் போய், சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையின் பாதியில் நின்றது. ஒரே நோய் என்றால் ஒரே இடத்தில் விழ வேண்டும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் சாகிறதே, சாகிறது என்று சொல்லாதே, ஆபீசில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், செத்துப்போச்சு, மறுபடி எழுப்பு என்று டீ குடித்துக்கொண்டே சொல்வார்கள். அவள் கறுப்புத் திரையில் துடிக்கிற கர்சரையே பார்த்தாள். பிள்ளையின் வயிறு இப்படித்தான் ஏறி இறங்கும், சட்டையின் மஞ்சள் பொத்தான் ஏறி இறங்குவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். மஞ்சள் பொத்தான் சட்டையா இன்று போட்டாள்? வெள்ளைதானே. இல்லை, வெள்ளையில் கூழ் சிந்தியது. மாமி ஏத்தவாழைக்காய்ப் பொடியில் கூழ் காய்ச்சி ஊட்டியபோது சிந்தியது. அப்படியானால் என்ன சட்டை? தெரியவில்லை. தன் பிள்ளை இப்போது என்ன சட்டையில் கிடக்கிறாள் என்று தெரியவில்லை. இதைத் தெரிந்துகொள்வதற்காக மட்டும் ஒரு முறை போகலாமா? மூச்சைப் பார்க்கப் போகவில்லை மாமி, சட்டையைப் பார்க்க வந்தேன் என்று சொன்னால் மாமி என்ன சொல்வாள்? ஒன்றும் சொல்ல மாட்டாள். ஆன்றோவிடம் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்வாள், இரக்கத்தோடுதான் சொல்வாள்.

அப்போதுதான் குறட்டை கேட்டது. முதலில் விசிறி என்று நினைத்தாள். இல்லை, விசிறிக்குள்ளிருந்து அது தனியாகப் பிரிந்து வந்தது, நீளமாக, நிம்மதியாக, தொண்டைக்குள் கஞ்சி கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். மாமி உறங்கிவிட்டாள். பிள்ளைக்குப் பக்கத்தில் படுத்துக் கையை அதன் மேல் போட்டுக்கொண்டு, ஐயோ, கையைப் போட்டுக்கொண்டா, அந்தக் கை, தேங்காய் துருவித் துருவி உரமேறிய அந்தக் கனத்த கை. அப்படியானால் இப்போது மிரியை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? ஆன்றோ ஆபீசில். மாமி உறக்கத்தில். அவள் கதவுக்கு இந்தப் பக்கம். இந்த உலகத்தில் ஒருவர்கூட அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எழுந்துவிட்டாள். எப்போது எழுந்தாள் என்று தெரியாது, கதவின் கைப்பிடி உள்ளங்கையில் இருந்தது, குளிர்ச்சியாக. அழுத்தினால் போதும். அழுத்தினால் அது டக்கென்று சத்தம் போடும், மாமி விழிப்பாள், சாயங்காலம் வண்டி. அழுத்தாவிட்டால். அழுத்தாவிட்டால் என்ன என்பதை அவள் மனம் படம் படமாகப் போட்டுக் காட்டியது, ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு விதமாக, கை, தலையணை, போர்வை, ஒன்றுமே இல்லாமல் சும்மா. அவள் நெற்றியைக் கதவில் வைத்தாள். மேரி மாதாவே என்று ஆரம்பித்தாள், அதற்கு மேல் ஜெபம் வரவில்லை. மேஜையில் கிடந்த ஹெட்செட் குருவி மாதிரிக் கத்தியது. குருபரன். கைப்பிடியை அழுத்தாமல் விட்டுவிட்டு வந்து எடுத்தாள். கூப்பிட்ட குரலுக்குப் போய் நிற்பது என்று கான்வென்டில் பழகிய உடம்பு அது, மணி அடித்தால் பிரார்த்தனையைப் பாதியில் நிறுத்திவிட்டு எழும்.

"என்னம்மா ஜெசிந்தா, எழுந்துதா இல்லையா உன் குழந்தை?" என்றான் குருபரன். அவள் கண் கதவுக்குப் போனது. பிறகுதான் புரிந்தது, கெர்னலைக் கேட்கிறான். "இல்ல சார். ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல நிக்குது." "சாரெல்லாம் வேணாம்னு எத்தனை தடவை சொல்றது, என் தலைமுடி கொட்டினதே நீ சார் சார்னு சொல்லித்தான். நேத்து நல்லா ஓடுச்சுன்னியே?" "ஓடுச்சு. நேத்து கலைச்சுப் போடுறத நிறுத்திவெச்சுதான் ஓட்டுனேன். கலைச்சா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வருதே, பழசோட ஒப்பிட்டுப் பாக்க முடியாதுன்னு." காதில் அவன் டீ உறிஞ்சுகிற சத்தம். "அப்ப நேத்து நீ பிரிச்சதே தவிர இடம் மாத்தல. எல்லாம் பழைய வரிசையிலேயே படுத்திருக்கும். இன்னிக்குத்தான் நிஜமாவே பிரிஞ்சிருக்கு. எவனோ பக்கத்து வீட்டுக்காரனை நம்பி வாழ்ந்திட்டிருக்கான் பாரு. தேடு, கிடைப்பான். ஆறு மணிக்குள்ள குடுத்துடுவியா?" குடுத்துடுவேன் சார் என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரனை நம்பி. அவள் உட்கார்ந்தாள். ஹெட்செட்டைக் கழற்றவில்லை, கழற்றத் தோன்றவில்லை. பொய் இயந்திரத்தை ஓடவிட்டு, விழுகிற இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தி, கடைசியாக எந்த ஃபங்ஷனுக்குள் இருந்தது என்று பார்த்தாள். மறுபடி எழுப்பினாள், மறுபடி பார்த்தாள். விழுகிற இடங்கள்தான் வேறு. விழுவதற்கு முன்னால் கால் வைத்த இடம் ஒன்றே. நினைவகத்தைத் துடைக்கிற ஒரு குட்டி ஃபங்ஷன், நாலைந்து வரி, அதைப் பிரித்தபோது அதன் தலையை மட்டும் பார்த்திருக்கிறாள், காலைப் பார்க்கவில்லை. எந்த ஃபங்ஷனும் வேலை முடிந்ததும் தன்னைக் கூப்பிட்டவனிடம் திரும்பிப் போக வேண்டும், அதற்கு ஒரு கட்டளை உண்டு, கடைசி வரியில் அது இருக்கும். இதில் இல்லை. விட்டுப்போகவில்லை, வேண்டுமென்றே எழுதவில்லை. துடைப்பது என்றால் பூஜ்ஜியத்தால் நிரப்புவதுதானே, நிரப்புகிற ஃபங்ஷன் அடுத்த வரியிலேயே படுத்திருந்தது, ஆகவே இது பூஜ்ஜியத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, திரும்பிப் போகாமல், அப்படியே அடுத்ததற்குள் சரிந்துவிடும். அது வேலையை முடித்து இரண்டு பேருக்குமாகத் திரும்பிப் போகும். எழுதியவன் ஒரு குறிப்புகூட வைக்கவில்லை, பக்கத்தில் இருப்பது பக்கத்திலேயே இருக்கும் என்று அவ்வளவு உறுதி அவனுக்கு. அவள் பிரித்தாள். இப்போது அது முடிகிற இடத்தில் சரிகிறது, ஒவ்வொரு விழிப்பிலும் அடுத்து யார் கிடக்கிறார்களோ அவர்களுக்குள். சிஸ்டர் போனிஃபாஸாக இருந்தால் இந்நேரம் இதற்கு ஒரு நீதி சொல்லி முடித்திருப்பார். ஜெசிந்தாவுக்கு நீதி வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு வந்தது சுத்தமான சந்தோஷம், பல மாதங்களாக வராத, யாரைப் பற்றியும் இல்லாத சந்தோஷம். கடைசியில் ஒரு வரி சேர்த்தாள், நிரப்புகிற ஃபங்ஷன் எங்கே கிடந்தாலும் அங்கே தாவிப் போ என்று. எழுப்பினாள். எழுத்துகள் ஏறின, நினைவகம், கடிகாரம், வட்டு, நிற்கவில்லை, மேலே மேலே ஏறி, கடைசியில், உள்ளே வரலாம், பெயர் என்ன என்று கேட்டது. திரும்பத் திரும்ப எழுப்பினாள், கலைத்துக் கலைத்துப் போட்டாலும் எழுந்தது. இதே மாதிரி கால் இல்லாதவை வேறு இருக்குமா? இருந்தன, தேடத் தேட இன்னும் சில. ஒவ்வொன்றுக்கும் ஒரு தாவல். வியர்த்தது, சட்டை முன்பக்கம் ஈரமாக ஒட்டியது, எழுந்து விசிறியைக் கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். திருத்தங்களைச் சேர்த்துக் குருபரனுக்கு அனுப்பினாள். குருபரன் ஒரு கைதட்டும் படம் அனுப்பினான்.

கதவு திறந்தது. ரோஸ்லெட் மாமி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள், முகமெல்லாம் சிரிப்பு. ஜெசிந்தா ஹெட்செட்டைக் கழற்றினாள். "மக்ளே, நீ ஜெயிச்சிட்ட கேட்டியா. நாங்க எந்திச்சு எவ்வளவோ நேரமாச்சு." மிரி ஊதா நிறச் சட்டையில் இருந்தாள். இமை நனைந்து ஒட்டியிருந்தது. "அழுதாளா மாமி?" "அழாம என்ன, பசிக்குல்லா. நல்லாக் கத்தினா. இந்தா வருவா, அந்தா வருவான்னு நானும் கதவப் பாத்துட்டே இருந்தேன். நீ வரலியே! பொறவு பாட்டுப் படிச்சு, சாவிக்கொத்தக் காட்டி அடக்கினேன். ஆன்றோட்ட நான் சொல்லுதேன், உன் பெண்டாட்டிக்கு ஒண்ணுமில்லடே, கல்லு மாதிரி இருந்தான்னு." ஜெசிந்தா தன் சட்டையைக் குனிந்து பார்த்தாள். வியர்வை இல்லை. பால். பிள்ளை கத்தியபோது உடம்பு அதைக் கேட்டிருக்கிறது, கேட்டுப் பால் விட்டிருக்கிறது, அவளோ வியர்வை என்று எழுந்து விசிறியைக் கூட்டினாள். "எனக்குக் கேக்கல மாமி," என்றாள். "அடக்கிட்டு உக்காந்திருக்கல. எனக்கு ஞாபகமே இல்ல. பிள்ள இருக்குறதே ஞாபகம் இல்ல."

மாமி இடுப்பைக் குலுக்கிப் பிள்ளையைச் சரியாக வைத்துக்கொண்டாள். "அதுக்கென்ன இப்பம்? ஆன்றோ தொட்டில்ல கெடந்து கத்துவான், நான் கெணத்தடியில நின்னு பேசிச் சிரிச்சிட்டிருப்பேன். அவன் வளரலியா, மீசை வெச்சிட்டு உங்கிட்ட வந்து சேரலியா? மறக்கணும் மக்ளே. இன்னிக்குத்தான் உனக்கு நல்ல உறக்கம் வரும், பாத்துக்கோ." மாமி சொல்வது சரியாகத்தான் இருக்கும். அவள் மறந்தாள், பிள்ளை இருக்கிறது, ஊதாச் சட்டையோடு, சாவிக்கொத்தை வாயில் வைத்துக்கொண்டு. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் அழுது, சிரித்து, பிள்ளையை வாங்கி முத்தமிட்டிருப்பார்கள். ஜெசிந்தாவுக்குள் அது வேறு விதமாகத்தான் இறங்கியது. இத்தனை மாதமாகப் பயத்தை ஒரு நாயை நம்புகிற மாதிரி நம்பியிருந்தாள், கடித்தாலும் குரைத்தாலும் காவல் இருக்கிறதே என்று. நாலு வரிக்காக அது எழுந்து போய்விட்டது. இன்று மாமி இருந்தாள். நாளை, மாமி போன பிறகு, வீட்டில் அவளும் பிள்ளையும் மட்டும், இதே போல ஏதோ ஒரு அழகான சிக்கல் வந்து, இதே போல அவள் அதற்குள் சந்தோஷமாக இறங்கிவிட்டால்? பயந்துகொண்டே இருக்கிற அம்மா ஒருத்தி, மறந்துவிடுகிற அம்மா ஒருத்தி, இரண்டு பேரும் ஒரே உடம்பில். எந்த நேரம் யார் இருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

"மாமி, நீங்க கூட்டிட்டுப் போங்க," என்றாள்.

மாமிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்தது. "என்ன பேச்சு இது? நான் என்ன பிள்ள பிடிக்கவா வந்தேன்? ஜெயிச்சவ தோத்தவ மாதிரி நிக்கா!" "கொஞ்ச நாள் மாமி. நான் டாக்டரப் பாக்குறேன். நல்லா உறங்குறேன். அப்புறம் நானே வந்து வாங்கிக்கிறேன்." "அவன் கேட்டா நான் என்ன சொல்ல?" "நான் தோத்துட்டேன்னு சொல்லுங்க. உள்ள வந்துட்டேன்னு சொல்லுங்க." மாமி மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "பொய் சொல்ல எனக்கு வராது. நீயே சொல்லு. சவம், ஒரு மனுசிக்கு இவ்வளவு நெனப்பு ஆகாது," என்று சொல்லிப் பிள்ளையை அவள் மடியில் வைத்துவிட்டு, துணிகளை எடுத்து வைக்க உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. மாமி மூக்குறிஞ்சுகிற சத்தமும் கேட்டது.

ஆன்றோவைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். முதலில் பால். மிரி அவசரமாகப் பற்றிக்கொண்டாள், கோபமும் பசியுமாக, ஒரு கையால் அவள் சட்டைக் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. இரண்டு மூன்று மடக்கு ஆனதும் கோபம் போய்விட்டது, கண்ணைச் சுழற்றி மேலே பார்த்தாள், யாரோ எவரோ என்று இல்லாமல் நேராக அவளைப் பார்த்தாள். ஜெசிந்தா அந்த மூச்சை விரலால் தேடவில்லை. அது அவள் தோலின் மேலேயே வெதுவெதுப்பாக வந்து போனது. திடீரென்று சுருக்கென்றது. ஊசி குத்தியது போல. பதறிப் பிள்ளையை விலக்கினாள். மிரிக்கு அது விளையாட்டாகத் தோன்றியிருக்க வேண்டும், வாயைத் திறந்து சிரித்தாள். கீழ் ஈறில், நடுவில், ஒரு வெள்ளைக் கீறல். அரிசியின் முனை அளவுகூட இல்லை. விரலால் தொட்டுப் பார்த்தாள், பல்தான். காலையில் மாமி கூழ் ஊட்டும்போது இல்லை, அல்லது இருந்து யாருக்கும் தெரியவில்லை. மாமீ என்று கூப்பிட வாய் போனது. உள்ளே மாமி குட்டிச் சட்டைகளை உதறி மடிக்கிற சத்தம். கூப்பிடவில்லை. நாளைக்கு ஊரில் கூழ் ஊட்டும்போது கரண்டியில் டக்கென்று படும், மாமி கத்துவாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்து எட்டிப் பார்ப்பார்கள், பிறகு போன் வரும்: மக்ளே, உன் பிள்ளைக்குப் பல்லு மொளச்சாச்சு! அப்போது முதல் முறையாகக் கேட்பவள் போல, அப்படியா மாமி, எங்க, மேலேயா கீழேயா என்று கேட்க வேண்டும். ஜெசிந்தா உதட்டை அசைத்து, சத்தம் வராமல், ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு பிள்ளையை மறு பக்கத்துக்கு மாற்றிப் போட்டுக்கொண்டாள்.